இந்தியாவின் பெயர் தாங்கிய ‘வெளிநாட்டு மது’: கழக்கூட்டத்தில் ஒரு புட்டியின் வயது

கேரள அப்காரிச் சட்டம் மதுவை இரண்டாகப் பிரிக்கிறது. கள்ளும் சாராயமும் ‘நாட்டு மது’. எஞ்சிய அனைத்தும் ‘வெளிநாட்டு மது’. கொச்சி சமஸ்தானத்தில் கொல்லம் ஆண்டு 1077இல் (கி.பி. 1902) இயற்றப்பட்டு, 1967இல் கேரளம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட சட்டம் இது. இதன் பார்வையில், பெயரிலேயே இந்தியாவைச் சுமக்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பியர் ஒரு வெளிநாட்டு மது. அதைக் காய்ச்சிய ஊர் கோவாவாக இருந்தாலும் மத்தியப் பிரதேசமாக இருந்தாலும் இந்த வகைப்பாடு மாறுவதில்லை.

இந்த முரணை அருகிலிருந்து காண ஏற்ற ஊர் கழக்கூட்டம். திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த இவ்வூரை ஒட்டி 1990இல் டெக்னோபார்க் உருவானது. 2010இல் கழக்கூட்டம் ஊராட்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. பெங்களூரிலும் புணேயிலும் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கு வருபவர்களுள் மலையாளிகளும் உண்டு, தமிழர்களும் உண்டு. அந்நகரங்களின் சிற்றாலைகளில் ஐபிஏ அருந்திப் பழகியவர்கள் இங்குள்ள அரசு மதுக்கடையில் தேடுவது அந்தப் பியரை மட்டுமன்று. அடைத்துச் சில வாரங்களே ஆன புட்டியைத் தேடுகிறார்கள். அந்தத் தேடல் பெரும்பாலும் வெறுங்கையோடு முடிகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கேரளத்துக் குடியர் வீரியமான பியரையும் பிராந்தியையும் ரம்மையுமே விரும்புகிறார்கள் என்பது. மற்றொன்று, அரசின் மதுக் கொள்கை கடுமையானது என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஒரு பழைய வணிக வடிவம் இருக்கிறது. எல்லாச் சரக்கையும் ஒருவரே வாங்கி, ஒருவரே விற்கும் வடிவம் அது. கெடாத பண்டங்களை வைத்து உருவான அவ்வடிவத்துக்குள், நாட்கணக்கில் கெடும் பண்டம் ஒன்று நுழையும்போது நேர்வதே கழக்கூட்டத்தில் நிகழ்கிறது.

மணத்தின் ஆயுள்

முதலில் பண்டத்தின் இயல்பு. பார்லியை முளைக்கட்டி உலர்த்திய மால்ட், ஹாப்ஸ் எனும் கொடியின் பூ, ஈஸ்ட், நீர் ஆகிய நான்கும் சேர்ந்ததே பியர். ஹாப்ஸ் பூவைக் கொதிநிலையில் நெடுநேரம் வேகவைத்தால் கசப்பு இறங்கும். கொதி அடங்கும் வேளையிலோ, நொதித்தல் முடிந்த பிறகோ இட்டால் மணம் இறங்கும். இன்றைய கைவினை ஐபிஏவின் நாரத்தை, மாம்பழ, பைன் மணங்கள் இவ்வாறு பிற்பாடு இடப்படும் பூவிலிருந்து வருபவை. அவ்வெண்ணெய்கள் எளிதில் ஆவியாகும், எளிதில் ஆக்சிஜனோடு வினைபுரியும்.

கசப்புத் தரும் பொருளும் நிலையானதன்று. அதன்மேல் வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகி, முடை நாற்றம் எழுகிறது. பழுப்புப் புட்டி வழக்கத்துக்கு வந்ததன் காரணம் இதுவே. வெப்பம் அதனினும் பெரிய பகை. பியர் தொழிலில் ‘3–30–300’ என்றொரு கைக்கணக்கு உண்டு. 32 பாகை செல்சியசில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள் ஆகிய மூன்றும் பியருக்கு ஏறத்தாழ ஒரே அளவு மூப்பைத் தரும் என்பது அதன் பொருள். திருவனந்தபுரத்தின் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 30 பாகையைத் தாண்டுகிறது. குளிர்பதனம் இல்லாத ஒரு லாரியும் ஒரு கிடங்கும் போதும், புட்டி தன் மணத்தைக் கடைக்கு வருமுன்பே இழந்துவிடும்.

லாகர் வகைப் பியருக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் அதில் இழப்பதற்கு மணம் குறைவு. மேலும் அது விரைந்து விற்றுத் தீர்வதால் அலமாரியில் முதுமை அடைவதில்லை.

கப்பலில் முதிர்ந்த பியர்

இங்கே வரலாறு ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. இந்தியாவுக்கென அனுப்பப்பட்ட பழைய பேல் ஏல் புதுமைக்காகப் போற்றப்பட்ட பானம் அன்று. அதன் மதிப்பு முதுமையில் இருந்தது.

லண்டனுக்குக் கிழக்கே, கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் நின்ற துறைக்கு அண்மையில், போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தாரின் ஆலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் பியர் கல்கத்தாவில் பெயர் பெற்றிருந்தது. வெப்பத்தையும் கடலையும் தாங்கவென்றே ஹாட்ஜ்சன் ஒரு புதிய பியரைக் கண்டுபிடித்தார் என்னும் கதை பரவலானது. மார்ட்டின் கார்னெல் போன்ற பியர் வரலாற்றாய்வாளர்கள் அதைச் சான்றுகளால் மறுத்துள்ளனர். ஹாப்ஸ் மிகுத்துக் காய்ச்சி நெடுங்காலம் பீப்பாயில் முதிரவிடும் வழக்கம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கருநிறப் போர்ட்டரும் அதே கப்பல்களில் வந்து கெடாமல் இறங்கியது. படைவீரர்கள் போர்ட்டரையும் அதிகாரிகள் பேல் ஏலையும் அருந்தினர். ‘இந்தியா’ என்ற அடைமொழி அச்சில் தென்படுவதே 1820களின் இறுதியில்தான்.

ஹாட்ஜ்சனின் வெற்றிக்குப் பின்னே இருந்தது கப்பல் வாணிபத்தின் ஒரு வசதி. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல் துணியும் மிளகும் பிறவும் நிறைந்து சென்றது. இந்தியா நோக்கி வரும்போது அதில் இடம் மிஞ்சியது, கூலி மலிவாக இருந்தது. கப்பல் தலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றும் உரிமை பெற்றிருந்தனர். அவர்களுக்கு ஹாட்ஜ்சன் ஓராண்டுக்கும் மேலான கடன் தவணை கொடுத்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் அசைந்து வந்த பீப்பாயில் பியர் தெளிந்தது, உலர்ந்தது, முதிர்ந்தது. பயணமே பக்குவப்படுத்தும் கிடங்காயிற்று.

1820களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் விலையை உயர்த்திக் கடனை நிறுத்தினர். தாமே கப்பலேற்றி, தாமே இந்தியாவில் விற்று, முழு ஆதாயத்தையும் தாமே அடைய முயன்றனர். கப்பல் தலைவர்களும் கல்கத்தா வணிகரும் கசந்தனர். அதே வேளையில் பர்ட்டன் நகரத்துக் காய்ச்சுநர்கள் ரஷ்யாவின் 1822 சுங்க விதியால் தங்கள் பால்டிக் சந்தையை இழந்திருந்தனர். கும்பினியின் இயக்குநர் ஒருவர் தூண்ட, பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப் இந்தியச் சந்தைக்கு வந்தார். பாஸ் நிறுவனமும் தொடர்ந்தது. கால்சியம் சல்பேட் மிகுந்த பர்ட்டன் நீரில் ஹாப்ஸின் கசப்பு தெளிவாக எழுந்ததும் அவர்களுக்கு உதவியது. 1830களுக்குள் பாஸ் ஹாட்ஜ்சனை முந்திவிட்டது. தனியுரிமை தேடியவர் தம் சந்தையை இழந்தார் என்பது இவ்வரலாற்றின் முதற்பாடம்.

வந்திறங்கிய பியரைக் குளிர்விப்பதும் ஒரு கலையாக இருந்தது. வெடியுப்பைக் கரைத்த நீரில் புட்டியைச் சுழற்றிக் குளிர்விக்கும் பணியாள் ‘ஆப்தார்’ எனப்பட்டார். 1833இல் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடரின் பனிக்கட்டி கல்கத்தாவில் இறங்கியது. 1840களில் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் எச்சமே. பின்னர் சூயஸ் கால்வாய் (1869) பயணத்தைச் சுருக்கியது. மலைவாசத் தலங்களில் உள்நாட்டு ஆலைகள் பெருகின. நீலகிரி, பெங்களூர் வட்டாரத்தின் ஐந்து ஆலைகளைத் தாமஸ் லீஷ்மன் 1915இல் ஒன்றிணைத்தபோது யுனைடெட் புரூவரீஸ் பிறந்தது. இயந்திரக் குளிர்பதனத்தோடு வந்த லாகர் பழைய பேல் ஏலை ஓரங்கட்டியது.

இந்தியாவில் மறைந்த அப்பெயர் அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. 1970களின் தொடக்கத்தில் வெளியான கேஸ்கேட் எனும் ஹாப்ஸ் ரகமும், 1975இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை காய்ச்சிய லிபர்ட்டி ஏலும் அதன் தொடக்கப் புள்ளிகள். இம்முறை பெயர் பழையது, பானம் வேறு. ஆறு மாதம் கடலில் முதிர்ந்து சிறந்த பானத்தின் பெயர், ஆறு மாதத்தில் உயிரிழக்கும் பானத்துக்குச் சென்று சேர்ந்தது.

மிளகும் ஒற்றை வாங்குநரும்

கழக்கூட்டத்துக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அஞ்சுதெங்கு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றிங்கல் ராணியின் இசைவு பெற்றுக் கும்பினி அங்கே கோட்டை கட்டியது. மிளகே நோக்கம். மிளகு வாணிபத்தில் கும்பினியார் காட்டிய அடாவடியால் மூண்ட பகையில் 1721இல் ஆற்றிங்கலுக்குச் சென்ற ஏறத்தாழ 140 பேர் கொண்ட ஆங்கிலேயர் குழு கொல்லப்பட்டது.

அக்காலத்தில் இவ்வட்டாரத்தின் அதிகாரம் சிதறிக் கிடந்தது. மரபு எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்று எண்ணும் தலைவர்களுள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர், செம்பழந்திப் பிள்ளையும் ஒருவர். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா அவர்களை ஒடுக்கினார். 1740களில் மிளகு வாணிபத்தை அரசின் தனியுரிமையாக்கினார். விளைவித்தவர் அரசுக்கே விற்க வேண்டும், ஐரோப்பியர் அரசிடமிருந்தே வாங்க வேண்டும் என்றாயிற்று. அந்த வருவாய் படையையும் அரண்களையும் தாங்கியது. புகையிலையும் உப்பும் பின்னர் இதே வழியில் சென்றன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் அரசின் பண்டகசாலை வழியாகவே மக்களை அடைந்த காலம் நெடியது. மாதவ ராவ் திவானாக இருந்த 1860களில்தான் மிளகு, புகையிலைத் தனியுரிமைகள் நீக்கப்பட்டன.

மிளகு, புகையிலை, உப்பு மூன்றும் ஒரு பண்பில் ஒன்றுபடுகின்றன. அவை காத்திருக்கும். கிடங்கில் ஓராண்டு கிடந்தாலும் எடை போட்டு, முத்திரை குத்தி, கணக்கெழுதி விற்கலாம். வடித்த சாராயமும் அப்படிப்பட்டதே. அரசின் பேரேட்டுக்கு ஏற்ற பண்டம் என்பது காலத்தால் மாறாத பண்டம்.

ஒரு நாள் வாழும் கள்

அதற்கு நேரெதிர் கள். பாளையைச் சீவி இறக்கும்போது இனிப்பாக இருக்கும் நீர் சில மணி நேரத்தில் நொதித்துவிடுகிறது. மறுநாள் புளித்துக் காடியை நோக்கி நகர்கிறது. அதைக் கிடங்கில் வைத்துக் கணக்கெழுத இயலாது. எனவே அரசுகள் கள்ளைச் சேமிக்காமல், அதை இறக்கும் மரத்துக்கு வரியும் விற்கும் கடைக்குக் குத்தகையும் வைத்தன. பாரசீகச் சொல்லான ‘அப்காரி’ தென்னாட்டு மக்களின் வாயில் புழங்கியது இந்தக் குத்தகை வழியாகவே.

கள் இறக்கியவர்களின் வாழ்வும் அந்தக் குத்தகையோடு கட்டுண்டது. கழக்கூட்டத்துக்கு மிக அண்மையில் உள்ள செம்பழந்தியில் 1856இல் பிறந்த நாராயண குரு, தம் சமூகத்தின் குலத்தொழிலாகக் கருதப்பட்ட கள்ளிறக்குதலையே கைவிடச் சொன்னார். மதுவை நஞ்சென்று கூறி, காய்ச்சுவதையும் கொடுப்பதையும் அருந்துவதையும் ஒருசேர விலக்கினார். கேரளத்தில் எந்த அரசும் மதுக் கொள்கையைப் பேசும்போது இந்த அறக்குரல் பின்னணியில் ஒலிக்கிறது. மது விற்ற வருவாயும் மது வேண்டா என்ற அறமும் ஒரே மண்ணில் வளர்ந்தவை என்பதை மறந்துவிட்டுக் கேரளத்தின் கொள்கையைப் படிக்க இயலாது.

கள்ளின் புதுமையும் இன்று முழுதாக எஞ்சவில்லை. தென்மாவட்டங்களின் கள்ளுக்கடைகளுக்குப் பாலக்காட்டின் சிற்றூர் வட்டாரத்திலிருந்து வண்டிகளில் கள் வருகிறது. அதிகாலையில் இறக்கியது பல நூறு கிலோமீட்டர் கடந்து வரும்போது வேறு பானமாகிவிடுகிறது. மரத்தடியில் அருந்த வேண்டியதும் கிடங்குப் பண்டத்தின் போக்கையே பின்பற்ற நேர்ந்திருக்கிறது.

அரசுக் கடையின் தர்க்கம்

1982 ஓணத்தின்போது வைப்பீன் தீவில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் கொன்றது. 1984இல் கேரள மாநில மதுபானக் கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் 1983இல் தோன்றி, 2003இல் சில்லறை விற்பனையையும் தன்வசமாக்கியதை இதனோடு ஒப்பிடலாம். 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அதன்பின்னும் 2000இல் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்துக்குப் பலியாயினர். எனவே ஒற்றை வாங்குநர் என்ற ஏற்பாட்டை வெறும் வருவாய்ப் பசி என்று ஒதுக்குவது நியாயமன்று. எங்கிருந்து வந்தது, யார் அடைத்தது என்று அறியக்கூடிய புட்டி உயிர் காக்கும் புட்டியாகவும் இருந்தது.

ஆனால் அவ்வேற்பாடு எத்தகைய பண்டத்தை எண்ணி அமைக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மது மாநிலப் பொருள். 2017இல் வந்த சரக்கு, சேவை வரியிலிருந்தும் அருந்தும் மது விலக்கப்பட்டது. ஆகவே கோவாவில் காய்ச்சிய ஒரு புட்டி கழக்கூட்டம் வந்து சேர வேண்டுமானால் நிறுவனத்தின் பதிவு, ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பதிவு, கழகத்தோடு விலை ஒப்பந்தம், எல்லை கடக்கும் அனுமதி, கிடங்கு, பிறகே கடை. ஆண்டுக்குப் பல லட்சம் பெட்டிகள் விற்கும் நிறுவனத்துக்கு இச்செலவு தூசி. பருவத்துக்கொரு பியர் காய்ச்சும் சிற்றாலைக்கு இதுவே தடைச்சுவர். ஒவ்வொரு படியும் நாட்களைத் தின்கிறது. அந்நாட்கள் பிராந்திக்குப் பொருட்டல்ல. ஐபிஏவுக்கு அவையே ஆயுள்.

பெங்களூரின் சிற்றாலைகள் இந்த இடத்தில் உதவுவதில்லை. 2010இல் தொடங்கிய டாய்ட் போன்றவற்றின் புகழ் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுவதில் பிறந்தது. உரிமத்தின் இயல்பே அதுதான். புட்டியில் அடைத்து அண்டை மாநிலத்துக்கு அனுப்ப அது இடந்தருவதில்லை. கோவாவின் ‘எய்ட் ஃபிங்கர் எடி’ போன்ற புட்டி ஐபிஏக்கள் வந்த பிறகே தொலைவு என்ற கேள்வி உண்மையில் எழுந்தது.

கேரளத்துக்குள்ளேயே காய்ச்சுவது இயல்பான விடையாகத் தோன்றும். 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்த்த மதுக்கூடங்களை மூடும் கொள்கை வந்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2017இல் அடுத்த அரசு அதைத் தளர்த்தியது. 2018இல் மூன்று பியர் ஆலைகளுக்கும் ஒரு வடிசாலைக்கும் வழங்கப்பட்ட கொள்கை அனுமதி, எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. 2022இல் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் மதுக்கூடம் அமைக்கக் கொள்கையளவில் இடமளிக்கப்பட்டது. இந்த ஏற்ற இறக்கங்களில் விவாதம் எப்போதும் எத்தனை கடை, எவ்வளவு வருவாய், எங்கே ஆலை என்பனவற்றைச் சுற்றியே நடந்தது. புட்டி எவ்வளவு பழையது என்று கேட்க அவ்விவாதத்தில் இடம் இருக்கவில்லை.

பழைய புட்டியின் சுழற்சி

இதன் விளைவு தன்னைத்தானே மெய்ப்பிக்கும் ஒரு சுழற்சி. ஐபிஏ சிறிதளவே தருவிக்கப்படுகிறது. சிறிதளவே விற்பதால் அலமாரியில் நெடுநாள் நிற்கிறது. நின்றதை முதன்முறை வாங்குபவர் மணமற்ற வறட்டுக் கசப்பை மட்டும் அருந்தி, ஐபிஏ என்றால் இதுதான் என்று முடிவு செய்கிறார், மறுமுறை வாங்குவதில்லை. விற்பனைக் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் தேவையில்லை என்று பதிவு செய்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அது மேலும் குறைகிறது. தேவையின்மை என்று பேரேட்டில் பதிவாவது பெருமளவு முதுமையின் விளைவே.

ஒரு சிறு நகர்ப்புறக் கூட்டத்தின் நாக்குச் சுவைக்கு இவ்வளவு வரலாறு தேவையா என்று கேட்கலாம். ஐபிஏவோடு மட்டும் இது நிற்பதில்லை என்பதே விடை. சிற்றூரிலிருந்து வரும் கள்ளும், பழங்களிலிருந்து மது செய்ய முனையும் உழவரும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். அளவில் சிறியதும் விரைந்து கெடுவதும் ஊருக்கு அருகில் செய்யப்படுவதும், மிளகுக்கென அமைந்த கிடங்கில் இடம்பெற முடிவதில்லை. அந்த இடத்தை நிரப்புவது நெடுநாள் நிற்கும் வீரியச் சரக்கு. உடல்நலத்தை முன்னிறுத்தும் கொள்கைக்கு இது உவப்பான முடிவன்று.

மாற்று ஏற்பாட்டுக்குத் தனியுரிமையை உடைக்க வேண்டும் என்பதில்லை. கெடும் பானங்களுக்குத் தனி வகைப்பாடு, சிறு அளவுக்கேற்ற பதிவுக் கட்டணம், குளிர்ந்த கிடங்கு, கடைவாரியாகப் புட்டிகளின் வயதைக் காட்டும் கணக்கு ஆகியவை ஒற்றை வாங்குநரின் கையாலேயே செய்யக்கூடியவை. ஆய்வு நோக்கிலும் இக்கடைசிக் கணக்கு மதிப்புடையது. மது வரலாறு இதுவரை பெரும்பாலும் வருவாய், மதுவிலக்கு, சாதி, உடல்நலம் ஆகிய நான்கு கோணங்களில் எழுதப்பட்டிருக்கிறது. திருவிதாங்கூரின் அப்காரி ஆவணங்களில் கள் கெட்டதையும் கொட்டியதையும் பற்றிய பதிவுகளை, இன்றைய கிடங்கின் இருப்புப் பதிவுகளோடு வைத்துப் படிப்பவருக்கு ஐந்தாவது கோணமாகக் காலம் கிடைக்கும். அடைத்த மாதம் கழக்கூட்டத்தின் ஒவ்வொரு புட்டியிலும் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைத் தொகுக்க ஒரு ஆய்வு மாணவர் போதும்.